பச்சை மரத்தில் பழுப்புத் தூள்: ஸ்ப்ரூஸ் பட்டை வண்டைப் பற்றி ஆய்வுகள் சொல்வது

ஐரோப்பியக் காடுகள் அழிவது பற்றிய செய்திகளில் ஒரே மாதிரிப் படம்தான் திரும்பத் திரும்ப வரும். மலைச்சரிவு முழுக்கச் செந்நிறமாகக் காய்ந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள், கீழே ‘வண்டு தின்ற காடு’ என்று ஒரு வரி. படம் உண்மைதான். ஆனால் இந்த வண்டை ஆராய்கிறவர்களுக்கு அந்தச் சிவப்பு பழைய செய்தி. மரம் சிவக்கும் நேரத்தில் அதைக் கொன்ற வண்டுகளின் அடுத்த தலைமுறை பெரும்பாலும் பறந்து போயிருக்கும். இன்னும் பச்சையாக நிற்கிற பக்கத்து மரங்களில், பட்டைக்கு அடியில், முட்டை வைக்கவும் தொடங்கியிருக்கும். அரை நூற்றாண்டு ஆய்வு கடைசியில் வந்து நிற்பது இரண்டு கேள்விகளில்: பச்சையாக இருக்கும்போதே அந்த மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்த பிறகு கையில் எத்தனை நாள் மிஞ்சும்?

வண்டின் அறிவியல் பெயர் இப்ஸ் டைபோகிராஃபஸ். லின்னேயஸ் 1758-லேயே விவரித்துப் பெயரிட்டுவிட்டார். நீளம் 4 முதல் 5.5 மில்லிமீட்டர், உருளை உடல், கரும்பழுப்பு நிறம். உடலின் பின்முனை சாய்வாகச் சீவிவிட்டது போல இருக்கும். அந்தச் சாய்வின் இரு ஓரத்திலும் நான்கு நான்காக எட்டு முட்கள். மூன்றாவது முள்தான் பெரியது, நுனி குமிழ்த்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் இதைப் பார்த்து இனத்தை உறுதிசெய்கிறார்கள். இதன் உறவுக்காரர்கள் நம் பக்கத்திலும் உண்டு. 1990-ல் நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் இந்தியாவிலேயே முதன்முறையாகத் தென்பட்ட காபிக் காய்த் துளைப்பானும், தேயிலைக் கிளைகளைக் குடையும் துளைப்பான் வண்டும் இதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை விளைச்சலைக் கெடுக்கும். இதுவோ 60, 80, 100 வயது மரத்தை ஒரே கோடையில் முடித்துவிடும்.

எப்போதும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண ஆண்டுகளில் இந்த வண்டு காற்றில் சாய்ந்த மரங்களிலும் நோயுற்ற மரங்களிலும்தான் குடும்பம் நடத்துகிறது. விழுந்த மரத்தின் உள்பட்டை இன்னும் ஈரமாக இருக்கும், ஆனால் பிசின் சுரந்து எதிர்க்கும் வலு இருக்காது. பெரும் புயல் ஒன்று அடித்தால் அத்தகைய மரங்கள் லட்சக்கணக்கில் கிடைக்கும். 2005 ஜனவரியில் தெற்கு சுவீடனைத் தாக்கிய குட்ருன் புயல் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. விழுந்த மரங்களில் பெருகிய கூட்டம் அவை தீர்ந்ததும் நிற்கும் மரங்கள் பக்கம் திரும்பும். கூடவே வறட்சியும் சேர்ந்துவிட்டால் 2018-க்குப் பிறகு ஜெர்மனியும் செக் குடியரசும் கண்டதுதான் நடக்கும். ஜெர்மன் விண்வெளி மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டதில், 2018 தொடக்கத்திலிருந்து 2021 ஏப்ரலுக்குள் ஜெர்மனியில் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் காடு மரமற்றுப் போயிருந்தது. நாட்டின் காட்டுப் பரப்பில் இது ஏறத்தாழ 5 சதவீதம். ஸ்ப்ரூஸ் இயல்பாகக் குளிர்ந்த மலைகளின் மரம். வேகமாக வளரும், நேராக வளரும், மரக்கூழுக்கும் கட்டுமானத்துக்கும் ஆகும் என்று கடந்த 200 ஆண்டுகளாக வெப்பமான தாழ்நிலங்களிலும் ஒரே வயதில் வரிசை வரிசையாக நட்டார்கள். வண்டுக்கு மேசை அப்போதே போடப்பட்டுவிட்டது.

பட்டைக்கு அடியில் நடப்பதைப் புரிந்துகொள்ளாமல் மேலே எதையும் செய்ய முடியாது. முதலில் வருவது ஆண் வண்டு. பட்டையைத் துளைத்து உள்பட்டையில் ஒரு சிறிய அறை தோண்டும். அங்கிருந்து வாசனை விட்டு மற்றவற்றை அழைக்கும். ஓர் ஆணுக்கு வழக்கமாக இரண்டு மூன்று பெண்கள். ஒவ்வொரு பெண்ணும் அந்த அறையிலிருந்து மேலேயோ கீழேயோ, மரத்தின் நார் ஓடும் திசையிலேயே, 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை சுரங்கம் வெட்டி, இரு பக்கமும் சிறு குழிகளில் முட்டை வைக்கும். பொரிந்த புழுக்கள் தாய்ச் சுரங்கத்துக்குக் குறுக்காகத் தின்றுகொண்டே போகும். இலையில் உருவான சர்க்கரை வேருக்கு இறங்கும் பாதை அந்த உள்பட்டைதான். குறுக்கே ஓடும் நூற்றுக்கணக்கான புழுச்சுரங்கங்கள் அதைச் சுற்றிவர அறுத்துவிடுகின்றன. வண்டு சுமந்து வரும் நீலக்கறைப் பூஞ்சைகள் கட்டைக்குள் புகுந்து, மேலேறும் நீரையும் தடுக்கின்றன.

மரம் சும்மா இருப்பதில்லை. துளை விழுந்த இடத்தில் பிசினைப் பீய்ச்சி வண்டை மூழ்கடிக்கும். அந்த இடத்தைச் சுற்றியுள்ள திசுவை நச்சு வேதிப்பொருள்களால் நிரப்பி, சாகவிட்டு, வேலி கட்டும். நல்ல வலுவுள்ள மரத்தை ஐம்பது வண்டுகள் சேர்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானவை ஒன்றாக இறங்கினால்தான் பிசின் தீரும். அதனால்தான் அந்த அழைப்பு வாசனை இவ்வளவு முக்கியம். நார்வேயின் ஆல்ஃப் பக்கேயும் உடன் ஆய்வாளர்களும் 1977-ல் அதன் கூறுகளை வெளியிட்டார்கள். மெத்தில்பியூட்டினால், சிஸ் வெர்பினால் என்ற இரண்டும்தான் அதில் முதன்மையானவை. முதலாவதை ஆண் வண்டு தன் உடலிலேயே உருவாக்குகிறது. இரண்டாவதற்கு மூலப்பொருளைத் தருவது மரமே: தற்காப்புக்கென்று அது சுரக்கும் பிசினிலுள்ள ஆல்ஃபா பைனீனை வண்டு சிஸ் வெர்பினாலாக மாற்றிக்கொள்கிறது. மரம் நிரம்பிவிட்டால் வெர்பினோன் போன்ற வேறு வாசனைகள் கிளம்பி, ‘இடமில்லை, அடுத்த மரம் பார்’ என்று திருப்பி அனுப்பும். ஒரு மரம் விழுந்ததும் பக்கத்து மரம் தாக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூஞ்சைகளுக்கும் இந்த வாசனைப் பேச்சில் பங்கு உண்டு என்பது அண்மையில் தெளிவானது. ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்திலிருந்து, தினேஷ்குமார் கந்தசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2023-ல் வெளிவந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. வண்டோடு வரும் பூஞ்சை, ஸ்ப்ரூஸ் பிசினிலுள்ள டெர்பீன்கள் என்ற மணப்பொருள்களை ஆக்சிஜன் சேர்ந்த வேறு பொருள்களாக மாற்றுகிறது. பிசினிலுள்ள போர்னைல் அசிடேட் என்ற பொருள் அப்படி மாறும்போது கிடைப்பவற்றில் ஒன்று கற்பூரம். இந்த மாறிய வாசனைகளை உணர்வதற்கென்றே வண்டின் உணர்கொம்பில் நரம்பணுக்கள் உள்ளன. கூட்டாளிப் பூஞ்சை எங்கே இருக்கிறது, மரம் எந்த அளவுக்குத் தளர்ந்திருக்கிறது என்பதை அது மோப்பத்திலேயே தெரிந்துகொள்ள முடிகிறது.

வாசனை தெரிந்ததும் அடுத்து வந்தது பொறி. தென்னந்தோப்பில் சிவப்புக் கூன்வண்டுக்கு வைக்கும் வாளிப் பொறியின் தத்துவமே இதுவும்: ஆண் விடும் வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து வைத்தால் ஆணும் பெண்ணும் தேடி வரும். 1970-களில் நார்வேயில் வண்டுப் பெருக்கம் 50 லட்சம் கன மீட்டர் மரத்தைக் கொன்றபோது, இந்தப் பொறியை அதுவரை யாரும் செய்யாத அளவில் சோதித்தார்கள். 1979-ல் சுமார் 6 லட்சம் பொறிகள். அந்த ஒரு கோடையில் சிக்கியவை 290 கோடி வண்டுகள், மறு ஆண்டு 450 கோடி. பிறகு பெருக்கம் அடங்கியது உண்மை. ஆனால் பொறிதான் அடக்கியது என்று யாராலும் நிறுவ முடியவில்லை. காற்றில் விழுந்த மரங்கள் தீர்ந்திருந்தன, வானிலையும் மாறியிருந்தது. பொறி வைக்காத இடங்களோடு ஒப்பிட வழியில்லாமல் நாடு முழுக்க ஒரே நேரத்தில் வைத்துவிட்டதுதான் அந்தத் திட்டத்தின் குறை. கோடிக் கணக்கைப் பார்த்து மயங்கக் கூடாது. ஒரு பெண் வண்டு ஒரு முறை வைக்கும் முட்டைகளே 50-ஐத் தாண்டலாம். கூட்டத்தில் ஒரு பங்கை எடுத்தாலும், மிஞ்சியவற்றின் புழுக்களுக்குப் போட்டி குறைந்து இன்னும் நன்றாகப் பிழைக்கும்.

பொறி உண்மையில் பயன்படுவது வண்டு எப்போது பறக்கத் தொடங்கியது என்று தெரிந்துகொள்ள. அதற்கும் முறை உண்டு. மத்திய ஐரோப்பாவில் பொதுவாக வைப்பது கறுப்பு பிளாஸ்டிக்கால் ஆன, கிடைக்கோட்டுப் பிளவுகள் கொண்ட தட்டையான பொறி. உயிரோடு நிற்கும் ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து குறைந்தது 10 மீட்டராவது தள்ளி, வெட்டவெளியில் வைக்க வேண்டும். கிட்ட வைத்தால் வாசனைக்கு வந்த வண்டுகளில் பல பொறியை விட்டுவிட்டு மரத்தில் இறங்கும். காவலுக்கு வைத்ததே தாக்குதலை வரவழைக்கும். வாரம் ஒரு முறை காலிசெய்ய வேண்டும். செத்த வண்டுகள் அழுகினால் அந்த நாற்றம் புதியவற்றை விரட்டும், எண்ணிக்கை பொய்யாகும். வாசனைப் பொட்டலத்தை அதன் தயாரிப்பைப் பொறுத்து ஆறு, எட்டு வாரங்களில் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை. அளவுக்குழாயில் கொட்டினால் 1 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 40 வண்டுகள். எறும்பு போலத் தோன்றும், செவ்வயிறும் வெள்ளைப் பட்டைகளும் கொண்ட வேட்டை வண்டு சிக்கியிருந்தால் அதை உயிரோடு விட்டுவிட வேண்டும். தன் இரையின் வாசனையைத் தேடி வந்த பட்டை வண்டுத் தின்னி அது.

பறக்கத் தொடங்கிய நாள் தெரிந்தால் மீதியை வெப்பம் சொல்லும். இந்தத் துறையில் காட்டுக்காரருக்கு மிகவும் உதவிய கண்டுபிடிப்பு எதுவென்று கேட்டால், ஆய்வகத்துப் புதுமைகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு இந்த எளிய கணக்கைத்தான் நான் காட்டுவேன். சுவிட்சர்லாந்தில் வெர்மெலிங்கரும் சைஃபர்ட்டும் 1998-ல் வெளியிட்ட அளவீடுகளின்படி வண்டின் வளர்ச்சி 8.3 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு டிகிரியும் நாள்தோறும் கூடிக்கொண்டே போகும்; இந்தக் கூட்டுத்தொகையின் அலகுதான் டிகிரி நாள். முட்டையிலிருந்து கூட்டுப்புழு முடியும் வரை சுமார் 334 டிகிரி நாட்கள். இளம் வண்டு உள்பட்டையைத் தின்று முற்றிப் பறக்கத் தயாராக மொத்தம் 557. வியன்னாவின் போகு பல்கலைக்கழகத்தார் 2007-ல் வெளியிட்ட ஃபெனிப்ஸ் என்ற கணிப்பு முறை இந்த எண்களின் மேல்தான் நிற்கிறது. வண்டு பறக்க 16.5 டிகிரி வேண்டும் என்பதும், பகல் நீளம் 14.5 மணிக்குக் கீழே இறங்கினால் புதிய தலைமுறை அந்த ஆண்டு இனப்பெருக்கம் செய்யாமல் ஓய்வுக்குப் போகும் என்பதும் அதே முறையில் அடங்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சராசரி வெப்பம் 15 டிகிரி என்றால் நாளொன்றுக்குச் சேர்வது 6.7. 557-ஐ எட்ட 83 நாள். 20 டிகிரி என்றால் 11.7 வீதம் 48 நாள். 25 டிகிரி என்றால் 33 நாள். 15-லிருந்து 20-க்கு ஏறும் ஐந்து டிகிரி வித்தியாசம் ஒரு தலைமுறையை ஐந்து வாரம் முன்னே தள்ளிவிடுகிறது. முன்பு ஆண்டுக்கு ஒரு தலைமுறையோடு நின்ற மலைக்காடுகளில் இப்போது இரண்டு வருவதும், தாழ்நிலங்களில் மூன்றாவது எட்டிப்பார்ப்பதும் இதனால்தான். இதற்கிடையில் தாய் வண்டு முதல் மரத்தில் முட்டை வைத்து முடித்துவிட்டு வெளியேறி, இன்னொரு மரத்தில் இரண்டாம் தொகுதி வைக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: கணக்கில் இட வேண்டியது பட்டையின் வெப்பம். வானிலை நிலையத்தின் காற்று வெப்பத்தை அப்படியே போட்டால், வெயில் படும் தெற்கு விளிம்பில் நிற்கும் மரத்துக்குக் கணக்குப் பிந்திவிடும். புதிதாக வெட்டித் திறந்த விளிம்பில் நேற்று வரை நிழலில் நின்ற மரம், மெல்லிய பட்டையோடு திடீரென்று வெயிலில் நிற்கிறது. அடுத்த தாக்குதல் பெரும்பாலும் அங்கேதான்.

இனி தேடுதல். தாக்கப்பட்ட மரத்தின் ஊசியிலை பல வாரங்களுக்குப் பச்சையாகவே இருக்கும் என்பதால் கண் அண்ணாந்து பார்த்துப் பயனில்லை, அடிமரத்தைப் பார்க்க வேண்டும். வண்டு வெளியே தள்ளும் தூள் மூக்குப்பொடி மாதிரிப் பழுப்பாக, மென்மையாக இருக்கும். பட்டைச் செதில்களின் மேல், வேர்க்கால்களின் இடுக்கில், சிலந்தி வலையில், அடியில் முளைத்த செடிகளின் இலைமேல் படிந்திருக்கும். வெள்ளைத் தூள் என்றால் அது கட்டையைக் குடையும் வேறு இனம். மழை பெய்தால் தூள் கரைந்துவிடும், காற்று அடித்தால் பறந்துவிடும். எனவே மழைக்குப் பிறகு ஓரிரு காய்ந்த, காற்றில்லாத நாட்கள் விட்டுப் போக வேண்டும். தண்டில் புதிய பிசின் துளிகள், குறிப்பாகக் கிளை தொடங்கும் இடத்துக்குக் கீழே, இன்னோர் அடையாளம். இதற்குத் தொலைநோக்கி வேண்டும், ஏனென்றால் முதல் துளைகள் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் விழும். எங்கிருந்து தொடங்குவது? சென்ற ஆண்டு செத்த மரங்களின் விளிம்பிலிருந்து. புதிய தாக்குதல்களில் பெரும்பாலானவை பழைய இடத்திலிருந்து 100 மீட்டருக்குள்தான் நடக்கின்றன என்று டென்மார்க்கில் செய்த ஆய்வு காட்டியது. வண்டால் கிலோமீட்டர்கள் பறக்க முடியும், ஆனால் பக்கத்தில் இடம் இருந்தால் ஏன் போக வேண்டும்? பறக்கும் பருவத்தில் வாரம் ஒரு முறை, மற்ற நேரத்தில் இரு வாரத்துக்கு ஒரு முறை சுற்றிவர வேண்டும்.

நாய்களும் இந்த வேலைக்கு வந்திருக்கின்றன. சுவீடனில் செயற்கை வாசனையில் பழக்கிய நாய்கள் தாக்கப்பட்ட மரத்தை 100 மீட்டருக்கும் அப்பாலிருந்து, தாக்குதலின் தொடக்க நாட்களிலேயே காட்டின என்று 2019-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. மனிதக் கண் தவறவிடும் மழைநாளிலும் மூக்கு வேலை செய்யும் என்பதால் இதை மதிக்கிறேன். செயற்கைக்கோளை நம்பி உட்கார்ந்திருப்பது அந்த அளவுக்கு எனக்கு உடன்பாடில்லை. சென்டினல் 2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்களில், சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட ‘சிவப்பு விளிம்பு’ அலைவரிசையைக் கொண்டு வாடும் மரங்களைக் காண முடிகிறது. ஆனால் குறிப்பு தெளிவாகும் நேரத்தில் வண்டு கிளம்பியிருப்பதே வழக்கம். எந்தச் சரிவுக்கு முதலில் ஆள் அனுப்புவது என்று முடிவுசெய்ய அது நல்ல கருவி.

மரம் அகப்பட்டதும் உடனே வெட்டக் கிளம்பாமல், உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையை உரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே முட்டை, புழு, கூட்டுப்புழு என எல்லாம் வெள்ளையாக இருந்தால் அதிர்ஷ்டம். வெட்டி, பட்டையை உரித்து அங்கேயே போட்டுவிடலாம், காய்ந்து செத்துப்போகும். மஞ்சளும் வெளிர்பழுப்புமாக இளம் வண்டுகள் தென்பட்டால் அந்த வழி மூடிவிட்டது. உரித்தால் அவை பட்டையோடு தரையில் விழுந்து, முற்றி, பறக்கும். அப்போது பட்டையோடு மரத்தைக் காட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் உரித்த பட்டையைத் துண்டாக்கவோ எரிக்கவோ வேண்டும். மேலே போட்ட கணக்கின்படி 20 டிகிரியில் வெள்ளை நிலை முடிய சுமார் 4 வாரம். தூளைக் கண்டு, காட்டு உரிமையாளருக்குச் சொல்லி, வெட்டும் ஆளும் இயந்திரமும் கிடைப்பதற்குள் அந்த 4 வாரம் கரைந்துபோவதுதான் நடைமுறையில் மிகப் பெரிய தோல்வி. இரண்டாவது தோல்வி, வெட்டிய மரத்தைச் சாலையோரம் அடுக்கிவைத்து லாரிக்குக் காத்திருப்பது. அடுக்கிலிருந்தே வண்டு பறந்து எதிரிலுள்ள காட்டில் இறங்கும். அருகிலுள்ள ஸ்ப்ரூஸ் தோப்பிலிருந்து குறைந்தது 500 மீட்டர் தள்ளி அடுக்கச் சொல்வது அதனால்தான். வண்டைக் கவரவென்றே வசந்தத்துக்கு முன் வெட்டிப் போடும் பொறிமரத்துக்கும் இதே கதி உண்டு. நேரத்துக்கு எடுக்க மறந்தால் அதுவே வண்டுப் பண்ணை.

முழுதாக உரிக்காமலும் வேலையை முடிக்கலாம் என்று பவேரியக் காட்டில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சங்கிலி ரம்பத்தில் பொருத்தும் கருவியால் விழுந்த மரத்தின் பட்டையை நெடுகக் கீறிவிட்டால் உள்பட்டை உலர்ந்து வண்டு பிழைக்காது. செலவும் உரிப்பதைவிடக் குறைவு. பட்டையின் பெரும்பகுதி மரத்திலேயே ஒட்டியிருப்பதால் செத்த மரத்தை நம்பி வாழும் மற்றப் பூச்சிகளும் பூஞ்சைகளும் தப்புகின்றன. காப்புக்காடுகளுக்கு இது பொருத்தமான முறை.

வறட்சிதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை நேரடியாகச் சோதித்தவர்கள் குறைவு. ஆஸ்திரியாவின் ரோசாலியா மலைக்காட்டில் நெதரரும் குழுவினரும் மரங்களுக்கு அடியில் தரைக்குக் கூரை போட்டு மழையைத் தடுத்தார்கள். இரண்டு சோதனைத் திட்டுகளுக்கு முழுக்கூரை, இரண்டுக்குப் பாதி, இரண்டு ஒப்பீட்டுக்காகத் திறந்தபடி. மொத்தம் 18 மரங்கள். வண்டுகளைப் பெட்டியில் அடைத்து அந்தப் பெட்டியைத் தண்டில் பொருத்தி, எத்தனை துளைத்தன, எத்தனையை மரம் முறியடித்தது என்று பார்த்தார்கள். நீர் குறையக் குறையப் பிசின் குறைந்தது, மரத்தின் எதிர்ப்பும் தளர்ந்தது. ஆனால் 2015-ல் வெளியான முடிவில் இன்னொன்றும் இருந்தது. மிகக் கடுமையாக வாடிய மரத்தை வண்டு அவ்வளவாக விரும்பவில்லை. காய்ந்த உள்பட்டையில் புழுவுக்கும் உணவில்லை என்று நினைத்தால் இது புரியும். வண்டுக்கு வேண்டியது தளர்ந்த, ஆனால் சாறுள்ள மரம். மழை தவறிய முதல் சில வாரங்களிலேயே தேடுதலைத் தீவிரமாக்க வேண்டும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

எல்லா இடத்திலும் வண்டோடு போராடத்தான் வேண்டுமா? 1983-ல் புயல் சாய்த்த மரங்களைப் பவேரியக் காட்டுத் தேசியப் பூங்காவில் அப்படியே விட்டுவிட அன்றைய அமைச்சர் ஹான்ஸ் ஐசன்மான் முடிவெடுத்தார். 1990-களில் வண்டு பெருகி ஆயிரக்கணக்கான ஹெக்டேர் முதிர்ந்த ஸ்ப்ரூஸ் செத்தபோது உள்ளூர் மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அவர்கள் பிறந்து வளர்ந்த மலை சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. இன்று அந்தச் சரிவுகளில் யாரும் நடாத இளங்காடு அடர்ந்து நிற்கிறது. செத்த மரங்களால் பல உயிரினங்கள் பெருகியதையும், குடிநீரின் தரம் கெடாததையும் 2015-ல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. அதே பூங்காவின் எல்லையையொட்டிய நிலப்பகுதியில், பக்கத்து உரிமையாளர்களின் காட்டைக் காக்க, தாக்கப்பட்ட மரங்களைத் தேடி வெட்டுவதும் தொடர்கிறது. இரண்டும் சேர்ந்து நடப்பதில் எந்த முரணும் எனக்குத் தெரியவில்லை. மரத்தை விற்றுப் பிழைக்கும் காட்டில் நாள் எண்ணி வெட்ட வேண்டும், பூங்காவின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே அரைகுறையாக, தாமதமாக வெட்டுவதுதான் மோசம். விளிம்பைத் திறந்துவிடுவோம், வண்டும் தப்பியிருக்கும்.

வண்டு பறந்துபோன பிறகு நிற்கும் சாம்பல் நிற மரத்தை, சாலையிலோ பாதையிலோ விழும் ஆபத்து இல்லாவிட்டால், வெட்டவே வேண்டாம். அதில் இனிப் பட்டை வண்டு வராது; அதற்கு ஈரமான உள்பட்டை வேண்டும். வண்டைத் தின்னும் வேட்டை வண்டின் புழுக்களும் ஒட்டுண்ணிக் குளவிகளும் இரை கிளம்பிய பிறகும் அந்தப் பட்டையில் தங்கி வளர்ந்துகொண்டிருக்கும். அடுத்த மரத்துக்கு அவை போய்ச் சேர, அந்த மரம் இன்னும் சில மாதங்கள் நிற்க வேண்டும்.